சட்டம் தடுத்தது, காவல்துறை அனுமதித்தது: இரு உலகப் போர்களுக்கு இடையே ஐரோப்பாவின் தன்பாலீர்ப்பு இரவுகள்

1924 ஆகஸ்டில் பெர்லின் தெருமுனைப் பத்திரிகைக் கடைகளில் ஒரு புது இதழ் தொங்கத் தொடங்கியது. பெயர் ‘டி ஃபிராய்ண்டின்’, அதாவது தோழி. பெண்களை நேசிக்கும் பெண்களுக்கென்றே வந்த பத்திரிகை. உள்ளே சிறுகதை, கட்டுரை, வாசகர் கடிதம். பின்பக்கங்களில், இந்தச் சனிக்கிழமை எந்த மண்டபத்தில் நடனம், எந்தக் கிளப்பில் விருந்து என்ற விளம்பரங்கள்; கூடவே துணை தேடுபவர்களின் வரி விளம்பரங்கள்.

அதே வருடம் பாரிஸில் இரண்டு ஆண்கள் சேர்ந்து ‘ஆன்வெர்சியோன்’ என்ற சிறு இதழைத் தொடங்கினார்கள். ஆணை நேசிக்கும் ஆண்களுக்காகப் பேசிய இதழ். நான்கு இதழ்கள் வந்தன. பெயரை மாற்றி இன்னொன்று வந்தது. கடைசியில் நல்லொழுக்கத்தைக் கெடுப்பதாக வழக்குப் போட்டு ஆசிரியர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்துவிட்டார்கள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், பிரான்சில் ஆணும் ஆணும் உறவுகொள்வது 1791-லிருந்தே குற்றமில்லை. ஜெர்மனியில்தான் அது குற்றம். குற்றம் என்று எழுதிவைத்த நாட்டில் பத்திரிகை கடையில் தொங்குகிறது. குற்றமில்லாத நாட்டில் பத்திரிகை நடத்தியவர் சிறைக்குப் போகிறார். 1918-இல் முதல் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1939-இல் இரண்டாவது போர் தொடங்கும் வரை ஐரோப்பிய நகரங்களில் ஓங்கி வளர்ந்த கே, லெஸ்பியன் இரவு வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த முரண்பாடே நல்ல வாசல். சட்டப் புத்தகத்தில் என்ன இருந்தது என்பது பாதிக் கதைதான். உள்ளூர்க் காவல்துறை எதைக் கண்டுகொள்ளவில்லை, எதைக் குறித்துவைத்துக்கொண்டது என்பது மீதிக் கதை.

175 என்ற எண்

ஜெர்மனி ஒரே பேரரசாக இணைந்த 1871-இல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 175-ஆவது பிரிவு, ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கியது. பெண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆண்கள் விஷயத்திலும் நீதிமன்றங்கள் அதற்கு ஒரு குறுகிய பொருள் கொடுத்திருந்தன. உடலுறவுக்கு ஒப்பான செயல் நடந்தது என்று நிரூபித்தால்தான் தண்டனை. இரண்டு ஆண்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பீர் குடிப்பதும், கடிதம் எழுதிக்கொள்வதும், அணைத்தபடி ஆடுவதும் இந்தப் பிரிவுக்குள் வரவில்லை.

மூடிய அறைக்குள் நடந்ததை எப்படி நிரூபிப்பது? பெரும்பாலும் யாராவது காட்டிக்கொடுத்தால்தான் உண்டு. அதனால் இந்தப் பிரிவு போலீசுக்குப் பயன்பட்டதைவிட மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கே அதிகம் பயன்பட்டது. ஒருவரோடு ஓரிரவு கழித்துவிட்டு, மறுநாள் வீட்டுக்கு வந்து, ‘பணம் கொடு, இல்லாவிட்டால் புகார் கொடுப்பேன்’ என்று நிற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. நீதிபதிகள், ராணுவ அதிகாரிகள், வியாபாரிகள் என்று பலர் இதில் சிக்கி, சிலர் தற்கொலையும் செய்துகொண்டார்கள்.

பெர்லின் காவல்துறை 1880களிலேயே இதைக் கவனித்து, இதற்கென்று ஒரு தனிப் பிரிவு தொடங்கியது. அதன் அதிகாரிகள் எடுத்த முடிவு நடைமுறைக்கு ஏற்றது: இந்த மனிதர்களைத் தெருவெங்கும் துரத்துவதைவிட, அவர்கள் கூடும் இடங்களை விட்டுவைத்து, கண்காணித்து, மிரட்டல்காரர்களைப் பிடிப்பது நல்லது. அந்தப் பிரிவிடம் மிரட்டல்காரர்களின் புகைப்பட ஆல்பம் இருந்தது. தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களின் பட்டியலும் இருந்தது. இரண்டாவது பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் வேறு உபயோகம் வரப்போகிறது.

ஆக, போருக்கு முன்பே பெர்லினில் இத்தகைய மதுக்கூடங்களும் நடன விழாக்களும் இருந்தன. 1920களில் எல்லாம் திடீரென்று முளைத்தது போலச் சொல்வது சரியல்ல. போருக்குப் பின் நடந்தது, ஏற்கெனவே இருந்த ஒன்று பல மடங்கு பெருத்ததும் வெளிச்சத்துக்கு வந்ததும்தான்.

ஏன் அப்போது, ஏன் அங்கே

1918 நவம்பரில் மன்னராட்சி கவிழ்ந்ததும் தணிக்கை நீக்கப்பட்டது. 1919-லேயே ஆண்களுக்கான ‘டி ஃபிராய்ண்ட்ஷாஃப்ட்’ இதழ் கடைகளுக்கு வந்துவிட்டது. அதே வருடம், மிரட்டலுக்கு ஆளாகும் ஒரு வயலின் கலைஞனைப் பற்றிய திரைப்படம் ஓடியது. ஆனால் அடுத்த வருடமே திரைப்படங்களுக்குத் தணிக்கை திரும்பிவந்து அதை நிறுத்தியது. அந்தப் படத்தில் மருத்துவராகத் தோன்றியவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். நிஜ வாழ்விலும் மருத்துவர்தான். 175-ஆவது பிரிவை நீக்கக் கோரி 1897-லேயே ஓர் அமைப்பைத் தொடங்கியவர். 1919 ஜூலையில் டியர்கார்டன் பகுதியில் ஒரு பெரிய வீட்டில் பாலியல் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். ஆலோசனை, சிகிச்சை, நூலகம், அருங்காட்சியகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். வெளிநாட்டிலிருந்து பெர்லின் வந்தவர்கள் பகலில் இங்கேயும் இரவில் மதுக்கூடத்திலும் எட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. (பிறகு 1930களின் தொடக்கத்தில் அவர் உலகப் பயணம் கிளம்பியபோது இலங்கைக்கும் இந்தியாவுக்கும்கூட வந்து போயிருக்கிறார்.)

இரண்டாவது காரணம் பெண்களின் சம்பளம். போர்க்காலத்தில் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போன பெண்களில் பலர் அதற்குப் பிறகும் தட்டச்சு செய்பவராக, கடை ஊழியராக, தொலைபேசி இணைப்பாளராக நகரத்திலேயே வேலை பார்த்தார்கள். வாடகை அறை, மாதச் சம்பளம், சனிக்கிழமை மாலை. பெண்கள் தங்களுக்கென்று கிளப் நடத்த இதைவிட அடிப்படையான தேவை வேறில்லை. லெஸ்பியன் இரவு வாழ்க்கை இந்தக் காலத்தில்தான் முதன்முறையாகப் பெரிய அளவில் வெளியே தெரிகிறது என்றால், அதற்குப் புரட்சிகரச் சிந்தனைகளைவிட இந்தச் சம்பளக் கவருக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

மூன்றாவது, பணவீக்கம். 1923 நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க் ஆனது. கையில் டாலரோ பவுண்டோ வைத்திருந்தவருக்கு பெர்லின் தண்ணீர்பட்ட பாடாக மலிந்துபோனது. மார்க் சீரடைந்த பிறகும், சட்டம் கடுமையாக இருந்த இங்கிலாந்திலிருந்து இளைஞர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களில் சிலர் எழுத்தாளர்கள். பெர்லினைப் பற்றி இன்று உலகம் வைத்திருக்கும் சித்திரம் பெருமளவு அவர்கள் வரைந்தது. அவர்கள் தேடிப்போன ஹாலெஷஸ் டோர் பகுதிச் சாராயக் கடைகளில் காத்திருந்த பையன்களில் பலர் வேலையில்லாதவர்கள், ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் ஒரு சட்டைக்கும் கூடவருபவர்கள். 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதோர் 60 லட்சம் பேர். மின்னும் இரவுகளைப் பற்றிப் படிக்கும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

பெர்லினில் ஓர் இரவு

நகரத்தில் இப்படிப்பட்ட இடங்கள் எண்பதிலிருந்து நூறு வரை இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். நொலெண்டார்ஃப் சதுக்கத்தைச் சுற்றி மேற்குப் பக்கம் வசதியான இடங்கள்; அலெக்சாண்டர் சதுக்கம் பக்கம் தொழிலாளர் கடைகள்.

எல்லோருக்கும் தெரிந்த பெயர் எல்டராடோ. முதலில் லுத்தர் தெருவில், பின்னர் மோட்ஸ் தெரு முனையிலும். வாசலில் ‘இங்கேதான் சரி!’ என்று பெரிய எழுத்தில் பலகை. உள்ளே பெண்ணுடையில் ஆண்கள் பாடுவார்கள், ஆடுவார்கள். விருந்தினர் வில்லை வாங்கிக் கொடுத்தால் அவர்களோடு ஒரு ஆட்டம் ஆடலாம். ஓவியர் ஓட்டோ டிக்ஸ் இதை வரைந்திருக்கிறார். திரை நட்சத்திரங்கள் வந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் பஸ் பிடித்து வந்தார்கள். அங்கேதான் சிக்கல். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பெருகப் பெருக, அந்த ஊர்த் தன்பாலீர்ப்பாளர்கள் பலர் வேறு சின்ன இடங்களைத் தேடிப் போனார்கள். புத்தக அட்டைகளில் எல்டராடோ படம் வருவது நியாயம்தான், அது படமெடுக்கத் தோதாக இருந்தது. ஆனால் அந்தக் காலத்து இரவை அறிய விரும்புபவரை நான் அங்கே கூட்டிப்போக மாட்டேன்.

ஷ்வெரின் தெருவின் டாப்கெல்லருக்குக் கூட்டிப்போவேன். திங்கட்கிழமைகளில் அங்கே ‘பிரமிட்’ என்ற பெண்கள் கிளப் கூடும். அன்றைய புகழ்பெற்ற மேடைப் பாடகி கிளேர் வால்டோஃப் தன் துணைவியோடு அங்கே போய்வந்ததைத் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். பெர்லின் அடுக்குமாடி வீடுகள் ஒன்றின் பின் ஒன்றாக முற்றம் வைத்துக் கட்டப்பட்டவை. தெருவிலிருந்து அந்த முற்றங்களைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனால்தான் கூடம் வரும். நுழைவுக் கட்டணம் 30 ஃபெனிக். நான்கு பேர் ஊதுகருவி வாசிப்பார்கள். கூடம் முழுக்கத் தோரணம். ஓவியம் வரையும் பெண்கள், அவர்களுக்கு மாதிரியாக நிற்பவர்கள், பெர்லினின் இருட்டுப் பக்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வந்த பணக்காரப் பெண்கள், காதலில் விழுந்த அலுவலகச் சிற்றூழியர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில். பொறாமைச் சண்டையும் அழுகையும் வழக்கமாம். சமாதானம் பேச ஜோடிகளை முற்றத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

பெண்கள் கிளப் என்றதும் புகையும் ஷாம்பேனும் மட்டும் கண்முன் வந்தால் அது அரைகுறைச் சித்திரம். லோட்டே ஹாம் என்பவர் நடத்திய வியோலெட்டா கிளப்பில் சுமார் 400 உறுப்பினர்கள் இருந்தார்கள். நடன விருந்தோடு, சொற்பொழிவு, கோடையில் ஆற்றில் படகுப் பயணம் என்று அது கிட்டத்தட்ட ஒரு சங்கம் போலவே நடந்தது. ராட்ஸுவைட் என்ற பதிப்பாளர் ‘டி ஃபிராய்ண்டின்’ போன்ற இதழ்களையும் நடத்தினார், ‘மனித உரிமைச் சங்கம்’ என்ற பெரிய அமைப்பையும் நடத்தினார். இதழில் விருந்து விளம்பரம், விருந்தில் இதழ் விற்பனை, இரண்டிலும் சங்க உறுப்பினர் சேர்ப்பு. வெளியூரில் தனியாகத் தவிக்கும் ஒரு பெண்ணின் கையில் அந்த இதழ் கிடைத்தால், சனிக்கிழமை எந்த ரயிலைப் பிடித்து எங்கே இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். 1928-இல் ரூத் ரோலிக் என்ற எழுத்தாளர் பெர்லின் லெஸ்பியன் கிளப்புகளுக்கு ஒரு கையேடே போட்டார். முன்னுரை ஹிர்ஷ்ஃபெல்ட்.

இங்கேயும் பிடி தளர்ந்து இறுகிக்கொண்டேதான் இருந்தது. இளைஞர்களை ஆபாச இலக்கியத்திலிருந்து காப்பதாகச் சொல்லி 1926-இல் ஒரு சட்டம் வந்தது. அதைக் காட்டி 1928-29-இல் ‘டி ஃபிராய்ண்டின்’ ஒரு வருடம்போலக் கடைகளிலிருந்து மறைந்தது, பிறகு திரும்பி வந்தது.

அப்புறம் உடை. ஆணாகப் பதிவான ஒருவர் பெண்ணுடையில், அல்லது பெண்ணாகப் பதிவானவர் ஆணுடையில் தெருவில் நடந்தால், பொது அமைதிக்கு இடைஞ்சல் என்று போலீஸ் பிடிக்கலாம். இதற்கு ஹிர்ஷ்ஃபெல்டும் சக மருத்துவர்களும் சான்றிதழ் எழுதிக் கொடுக்க, 1909 வாக்கிலிருந்து பெர்லின் காவல்துறையே ஒரு சீட்டு வழங்கியது: இன்னார் இந்த உடை உடுத்துபவர் என்று அறியப்பட்டவர். இரவு மதுக்கூடத்திலிருந்து வீடு திரும்பும்போது கான்ஸ்டபிள் நிறுத்தினால் நீட்ட வேண்டிய காகிதம் அது. நாம் இன்று திருநர் என்று அழைக்கும் மக்களுக்கு அந்தக் காகிதம் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. அதே காகிதம் அவர்கள் பெயரையும் முகவரியையும் காவல் நிலையத்தில் பதித்தும் வைத்தது.

பாரிஸ்

பாரிஸில் சங்கம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, மேலே பார்த்தபடி பத்திரிகையும் நிலைக்கவில்லை. நடனக் கூடங்கள் இருந்தன. பஸ்டீய் பக்கம் லாப் தெருவில் அக்கார்டியன் வாசிக்கும் மலிவு விலைக் கூடங்களில் மாலுமி, கூலித் தொழிலாளி, கடைக்காரப் பையன் என்று ஆணும் ஆணும் ஆடினார்கள். ஈஃபல் கோபுரத்துக்கு அருகே மாஜிக் சிட்டி என்ற பெரிய மண்டபத்தில், தவக்காலத்தை ஒட்டிய திருவிழா நாட்களில் ஆண்கள் பெண்வேடமிட்டு வரும் பெருவிழா நடக்கும். உள்ளே போகிறவர்களைப் பார்த்துக் கூச்சலிட வாசலில் ஒரு கூட்டம், உள்ளே இன்னொரு கூட்டம். 1934-இல் அரசு அதை நிறுத்தியது.

பெண்களுக்கு மோன்பார்னாஸில் ‘லெ மொனோக்ள்’ இருந்தது. நடத்தியவர் லூலூ என்ற பெண். கருப்புக் கோட்டு, குட்டை முடி, சிலரிடம் ஒற்றைக் கண்ணாடி. புகைப்படக்காரர் பிராசாய் 1930களின் தொடக்கத்தில் அங்கே எடுத்த படங்களால்தான் அந்த அறையின் ஒளியும் மேசையும் முகங்களும் நமக்கு இன்றும் தெரிகின்றன. பெர்லினைப் பற்றி நமக்கு விளம்பரங்களும் சங்கக் குறிப்புகளும் மிஞ்சின. பாரிஸைப் பற்றிப் படங்கள் மிஞ்சின. சட்டம் அங்கே ஒருவரின் படுக்கையறைக்குள் வரவில்லை, அதனால் ஒன்றுகூடிச் சட்டத்தை எதிர்க்க வேண்டிய தேவையும் எழவில்லை. ஆனால் பொது ஒழுக்கம் என்ற பெயரில் காவல்துறை கையில் போதுமான கம்பு இருந்தது. 1942-இல், ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சை ஆண்ட விஷி அரசு, தன்பால் உறவுக்கு மட்டும் சம்மத வயதை 21 ஆக்கி, மறைமுகமாகக் குற்றத்தைத் திரும்பக் கொண்டுவந்தது.

லண்டனும் மற்றவையும்

லண்டனில் 1885 சட்டம், ஆண்களுக்கிடையே ‘முறைகேடான’ எந்தச் செயலையும் குற்றமாக்கியது. ஜெர்மனியின் பிரிவைவிட அகலமான வலை. நமக்கு நன்றாகத் தெரிந்த இந்திய 377-ஆவது பிரிவும் இதே பிரிட்டிஷ் சட்டக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1921-இல் பெண்களையும் இதற்குள் சேர்க்கும் ஒரு திருத்தம் கீழவையில் நிறைவேறியது. மேலவை தள்ளிவிட்டது. கருணையால் அல்ல; இப்படி ஒன்று இருப்பதே தெரியாத பெண்களுக்கு நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும் என்று பிரபுக்கள் பயந்தார்கள்.

என்டெல் தெருவில் ‘கேரவன் கிளப்’ என்ற நிலவறை மதுக்கூடம் 1934 ஜூலையில் திறந்தது. ஊரிலேயே வழக்கத்துக்கு மாறான இடம் என்று விளம்பரம் செய்துகொண்டது. சாதாரண உடையில் போலீஸ்காரர்கள் உள்ளே போய், யார் யாரோடு ஆடினார்கள், எப்படிப் பிடித்துக்கொண்டார்கள் என்று விரிவாகக் குறிப்பெடுத்தார்கள். ஆகஸ்ட் 25 அதிகாலையில் சோதனை. 103 பேர் கைது. திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் குறிப்புகள் இன்றும் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த மனிதர்கள் எப்படிச் சிரித்தார்கள், என்ன உடுத்தினார்கள் என்பதற்கு அவர்களைச் சிறைக்கு அனுப்பியவர்களின் எழுத்தே முக்கியச் சாட்சி என்பது இந்த வரலாற்றைப் படிப்பவருக்கு அடிக்கடி நேரும் சங்கடம்.

வியன்னாவில் சட்டம் ஆண், பெண் இருவரையுமே தண்டித்தது. அதனால் பெர்லின் போல வெளிப்படையான பெண்கள் கிளப் அங்கே எழும்பவில்லை. ஆம்ஸ்டர்டாமில் 1927-இல் பெட் ஃபான் பேரன் என்ற பெண் செய்டைக் தெருவில் ‘மான்ட்யா’ என்ற மதுக்கூடத்தைத் திறந்தார். தோல் ஜாக்கெட்டும் மோட்டார் சைக்கிளுமாகத் திரிந்தவர். பெண்ணை நேசிப்பவர் என்பதை ஊரறிய வாழ்ந்தவர். கழுத்துப்பட்டை கட்டி வரும் வாடிக்கையாளரின் பட்டையை வெட்டிக் கூரையில் தொங்கவிடுவார்.

எப்படி முடிந்தது

1929 அக்டோபர் 16 அன்று ஜெர்மன் நாடாளுமன்றத்தின் சட்டக் குழு, 175-ஆவது பிரிவை நீக்க 15-க்கு 13 என்று வாக்களித்தது. முப்பது வருடப் போராட்டம் வென்றுவிட்டது போலத் தோன்றியது. அந்த மாதக் கடைசியிலேயே நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அரசியல் கலங்கியது, மசோதா கிடப்பில் போனது.

பலர் நினைப்பது போல மூடுவிழா ஹிட்லரோடு தொடங்கவில்லை. 1932 ஜூலையில், பெர்லின் அடங்கிய பிரஷ்ய மாநிலத்தின் அரசை மத்திய அரசு கலைத்தது. பெர்லினுக்குப் புதிய காவல் தலைவர் வந்தார். அக்டோபரில் அவர், ஒரே பாலினத்தார் சேர்ந்து ஆடும் நடன நிகழ்ச்சிகளைத் தடுத்தார். நாடாளுமன்றத்தில் ஒரு வரி மாறவில்லை. ஓர் அதிகாரி மாறினார், அவ்வளவுதான். இத்தனை வருடம் இருந்தது உரிமை அல்ல, அனுமதி.

1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் பிரதமரானார். பிப்ரவரி 23 ஆணை, மிஞ்சியிருந்த இடங்களை மூடச் சொன்னது. மார்ச் தேர்தல் சமயத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தில், மோட்ஸ் தெரு எல்டராடோவின் முகப்பை ஸ்வஸ்திகாவும் நாஜித் தேர்தல் தட்டிகளும் மறைத்திருக்கின்றன. மேலே ‘இங்கேதான் சரி!’ பலகை மட்டும் இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது. மே 6 அன்று மாணவர் கூட்டம் ஹிர்ஷ்ஃபெல்டின் நிறுவனத்தைச் சூறையாடியது. மே 10 இரவு அங்கிருந்து அள்ளிய புத்தகங்கள் ஓப்பரா சதுக்கத்தில் எரிந்தன. வெளிநாட்டில் இருந்த ஹிர்ஷ்ஃபெல்ட் அதைப் பாரிஸ் திரையரங்கொன்றில் செய்திப் படமாகப் பார்த்தார். 1935-இல் நீஸ் நகரில், தன் 67-ஆவது பிறந்தநாளன்று இறந்தார்.

அதே 1935-இல் 175-ஆவது பிரிவு விரிவாக்கப்பட்டது. இப்போது பார்வையும் தொடுதலுமே வழக்குக்குப் போதும். காவல்துறை பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த பட்டியல்கள் நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டப்போவின் கைக்குப் போயின. நாஜி ஆட்சியில் சுமார் 50,000 ஆண்கள் தண்டிக்கப்பட்டார்கள். 5,000 முதல் 15,000 பேர் வரை வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பெண்கள் இந்தப் பிரிவுக்குள் வரவில்லை. ஆனால் வேறு காரணங்களைச் சொல்லிப் பிடித்தார்கள். பெர்லினில் ‘மாலி உண்ட் ஈகெல்’ என்ற பெண்கள் கிளப்பைத் தோழியோடு நடத்திய எல்சா கான்ராட் 1935-இல் கைதாகி, மோரிங்கன் முகாமில் அடைக்கப்பட்டு, பிறகு நாட்டைவிட்டுப் போனால் விடுதலை என்ற நிபந்தனையில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார்.

போர் முடிந்த பிறகும் மேற்கு ஜெர்மனி நாஜிகள் விரிவாக்கிய அதே பிரிவை 1969 வரை அப்படியே வைத்திருந்தது. முகாமிலிருந்து மீண்ட சிலர் அதன் கீழ் மறுபடியும் தண்டிக்கப்பட்டார்கள். பிரிவு முழுதாக நீங்கியது 1994-இல். நாஜிக் காலத் தண்டனைகளை 2002-இலும், போருக்குப் பிந்தையவற்றை 2017-இலும் ஜெர்மன் நாடாளுமன்றம் ரத்து செய்தது. ஆம்ஸ்டர்டாமின் மான்ட்யா இன்றும் திறந்திருக்கிறது. 1980களில் மூடி, 2008-இல் மறுபடி திறந்தார்கள்.